குருத்தா, அடி இலையா?

எங்கள் உரக்கடை உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவில், மக்காச்சோளக் காடுகளுக்கு மத்தியில் இருக்கிறது. ஐப்பசி மழை பெய்து, விதைப்பு முடிந்து மூன்று வாரம் ஆனதும் கடைக்கு இலைகள் வர ஆரம்பித்துவிடும். சிலர் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவருவார்கள். சிலர் செடியையே வேரோடு பிடுங்கித் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். கல்லாப்பெட்டி மேல் அதை வைத்துவிட்டு, "ஏனம்மிணி, பயிரு வெளுத்துப் போச்சு. ரெண்டு மூட்டை யூரியா போடச் சொல்லு" என்பார்கள்.

நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இது குருத்துல கிள்ளுனதுங்களா, அடியில கிள்ளுனதுங்களா?"

இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதில் தெரியாமல் போடுகிற யூரியா பல நேரம் வீண். சில நேரம் கெடுதல். விதைப்புச் சமயத்தில் கடையில் ஆள் நெருக்கும்போது இதையெல்லாம் நின்று சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். உரம் விற்கிற நானே உரம் வேண்டாம் என்று சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். தேவையான உரம் வேண்டும். தேவையில்லாததற்குக் கொடுக்கிற காசு நம் குடியானவர்கள் வேர்வை சிந்திச் சம்பாதித்தது.

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் இவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. மண்ணிலிருந்து போதுமான அளவு வரவில்லை என்றால், செடி தன் பழைய இலையில் இருப்பதை உருவிப் புதுக் குருத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே அடி இலைதான் முதலில் வாடும். இரும்பு, கந்தகம், போரான் போன்றவை அப்படியல்ல. ஒரு இலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எளிதில் கிளம்பாது. துத்தநாகமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். இவை குறைந்தால் அடி இலை பச்சையாக நிற்க, குருத்து வெளுக்கும்.

மக்காச்சோளத்தின் அடி இலையில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக உள்ளே ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கினால் அது தழைச்சத்துக் குறைவு. யூரியா கேட்கலாம், தருகிறேன். நடுநரம்பு பச்சையாகவே இருக்க, இலையின் ஓரம் மட்டும் தீய்ந்த மாதிரி காய்ந்துகொண்டு வந்தால் சாம்பல்சத்து. அதற்கு யூரியா போட்டால் நிலைமை மோசமாகும். இளம்பயிரில் இலை ஊதா ஏறி நின்றால் பெரும்பாலும் மணிச்சத்து. ஆனால் குளிராலும், வேர் அடிபட்டாலும்கூட ஊதா ஏறும், சில ஒட்டு ரகத்துக்கு அது இயல்பு. எனவே ஊதாவைப் பார்த்தவுடன் முடிவு கட்டக் கூடாது.

எல்லோரும் யூரியாவையே ஏன் முதலில் கேட்கிறார்கள்? போட்ட ஒரு வாரத்தில் பச்சை கண்ணுக்குத் தெரியும். விலையும் அப்படி. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2010-ல் மத்திய அரசு உர மானியத்தைச் சத்து அடிப்படைக்கு மாற்றியபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை சந்தைக்குப் போனது; யூரியா மட்டும் கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. அதிலிருந்து சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் மூட்டைக்கும் யூரியா மூட்டைக்கும் விலை தூரம் கூடிக்கொண்டே போக, கை தானாக யூரியாப் பக்கம் நீளுகிறது. இதற்குக் குடியானவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன கார்த்திகையில் குடிமங்கலம் பக்கமிருந்து எங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமா வந்தார். சொட்டுநீர் போட்ட செம்மண் தோட்டம், மக்காச்சோளம். பயிருக்கு இருபது நாள்தான் இருக்கும். "குருத்தெல்லாம் வெள்ளையா வருது கண்ணு, படைப்புழு மருந்துல கருகிப் போச்சோ?" என்று கேட்டார். கையில் கொண்டுவந்திருந்த செடியைப் பிரித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு இலை நல்ல பச்சை. அதற்கு மேல் விரிந்த இலையில் நடுநரம்பின் இரண்டு பக்கமும், இலையின் அடிப்பகுதியிலிருந்து பாதி உயரம் வரை, அகலமான வெள்ளைப் பட்டை. ஓரமும் நுனியும் பச்சை. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பட்டை எண்ணெய் தடவிய காகிதம் போல ஒளியை விட்டது. கணு நெருங்கிச் செடி குள்ளமாக உட்கார்ந்திருந்தது.

மருந்து கருக்கினால் இப்படி ஒழுங்காக நரம்பை ஒட்டிப் பட்டை விழாது. இது துத்தநாகக் குறைவு. வெள்ளைக் குருத்து என்று பாடத்தில் படித்ததை அப்படியே வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்திருந்தார். செடி நீளுவதற்குத் தேவையான ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டாகத் துத்தநாகம் வேண்டும். அது இல்லாததால்தான் கணு நெருங்குகிறது.

"அடியுரம் என்னங்க மாமா போட்டீங்க?"

"ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டிஏபி. நல்லா வரட்டும்னுதான்."

அங்கேதான் விஷயம் இருந்தது. டிஏபி தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்; இரண்டு மூட்டை என்றால் 46 கிலோ மணிச்சத்து. நீர்ப்பாசன வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழை, 75 கிலோ மணி, 75 கிலோ சாம்பல். ஏக்கர் கணக்கில் 100, 30, 30. அவர் போட்டது ஒன்றரை மடங்கு. மணிச்சத்து மிதமிஞ்சினால் துத்தநாகம் செடிக்குள் சரியாகப் போய்ச் சேராது. ஏற்கெனவே எங்கள் மண்ணில் துத்தநாகம் கையிருப்பு குறைவு, அதன்மேல் இந்தச் சுமை.

பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து சாயங்காலம் தெளிக்கச் சொன்னேன். அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடோ மக்கிய எருவோடோ கலந்து விதைப்புக்கு முன் தூவவும் சொன்னேன். ஒன்று முக்கியம். துத்தநாக சல்பேட்டை டிஏபியோடும் சூப்பர் பாஸ்பேட்டோடும் ஒரே கூடையில் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். வேலைக்கு வந்தவர் வசதிக்காக ஒன்றாகக் கொட்டிக் கலப்பதை எத்தனையோ காட்டில் பார்த்திருக்கிறேன். தெளித்த பிறகு வந்த இலைகள் பச்சையாக விரிந்தன. வெளுத்த பழைய இலை வெளுத்ததுதான், அது திரும்பாது.

இனி இரும்பு. சொல்லும்போது யாரும் நம்பாதது இதுதான்.

காங்கேயம், தாராபுரம் வழியாகப் பேருந்தில் போனால் உழுத காடெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். அந்தச் சிவப்பே இரும்புதான். அப்படிப்பட்ட மண்ணில் விதைத்த சோளம் இரும்புப் பற்றாக்குறையில் மஞ்சளாக நிற்கிறது என்று சொன்னால், "செவக்காட்டுல இரும்பு இல்லீன்னா வேற எங்க இருக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில், மண்ணுக்குள் புதைந்திருக்கும் சுக்காங்கல்லில் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு முழம் தோண்டினாலே பல இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் வரும். சுண்ணாம்பு நிறைந்த மண். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 8-ஐத் தாண்டி நிற்கும். மண்ணின் பி.எச். ஒரு புள்ளி ஏறினால் கரையக்கூடிய இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். துத்தநாகம் நூறில் ஒரு பங்காகும். பீரோவுக்குள் பணம் இருக்கிறது, சாவி தொலைந்து போயிற்று என்கிற கதை. அதனால்தான் மண்ணில் மொத்தம் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதை வைத்துப் பயிருக்கு ஒன்றும் சொல்ல முடியாது. வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

புல் வகைப் பயிர்கள், அதாவது நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம் எல்லாம், இந்தப் பூட்டைத் திறக்கத் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருக்கின்றன. இரும்பு கிடைக்காதபோது வேரிலிருந்து ஒரு அமிலப் பொருளைச் சுரந்து மண்ணுக்குள் விடும். அது இரும்பைப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய இரும்பை வேர் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை 1970-களில் தகாகி என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்டறிந்தார். பார்லியில் இந்தச் சுரப்பு விடிந்த சில மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. மண்ணுக்கடியில் ஒரு செடி நேரம் பார்த்து வேலை செய்கிறது. ஆனால் எல்லாப் பயிருக்கும் ஒரே திறமை இல்லை. பார்லி நிறையச் சுரக்கும், கோதுமை அதற்கு அடுத்தது, மக்காச்சோளம் குறைவு, சோளம் அதைவிடக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் சோளம் முதலில் மஞ்சளாவது இதனால்தான்.

அடையாளம் எளிது. புது இலையில் நரம்பெல்லாம் பச்சைக் கோடாக நிற்கும், இடைவெளி மஞ்சளாகும். முற்றினால் கோடும் மறைந்து இலை முழுக்க வெள்ளைக் காகிதமாகும். காடு முழுக்க ஒரே சீராக வராமல் திட்டுத் திட்டாக வரும். எங்கே சுக்கான் மேலே எழும்பியிருக்கிறதோ, எங்கே போர்த் தண்ணீர் தேங்குகிறதோ, அங்கே. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பும் இரும்பைப் பூட்டுவதில் கூட்டாளி.

மருந்து நம் பாட்டிகளுக்கே தெரிந்த அன்னபேதிதான், அதாவது இரும்பு சல்பேட். பத்து லிட்டருக்கு 100 கிராம் அன்னபேதியும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் போட்டுத் தெளிக்கலாம். மண்ணில் கொட்டினால் மண் அதையும் பூட்டிவிடும். அதனால் இலை மேல் தெளிப்பதுதான் சீக்கிரம் பலன் தரும். வாங்கும்போது பையைப் பிரித்து நிறத்தைப் பாருங்கள். இளம்பச்சையாக இருக்க வேண்டும். துரு நிறத்துக்கு மாறியிருந்தால் அது காற்றுப் பட்டுக் கெட்டுப்போன சரக்கு, காசு கொடுக்காதீர்கள்.

இரும்புக் குறைவா, வேறு ஏதாவதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அன்னபேதிக் கரைசலைப் பஞ்சில் நனைத்து, மஞ்சளான இலை ஒன்றில் ஒரு கோடு இழுத்துவிட்டு வாருங்கள். சில நாளில் அந்தக் கோடு மட்டும் பச்சையானால் இரும்புதான். மாறவில்லை என்றால் டேங்க் டேங்காக அடித்துக் காசைக் கரைக்க வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. இதைச் செய்து பார்த்த ஒரு பாப்பம்பட்டி அண்ணன் இலையையும் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினார். மஞ்சள் இலைக்கு நடுவே விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு. அன்றைக்கு முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கோபிப் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நெல் வயல். அங்கே இந்த இரும்புப் பேச்சே இல்லை. மண் அவ்வளவு வித்தியாசம் என்பதால் அல்ல. தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று இல்லாமல் போகும். அப்போது பூட்டிக் கிடந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. கட்டுண்ட மணிச்சத்தும் ஓரளவு விடுபடுகிறது. ஆனால் துத்தநாகத்துக்கு நேர் எதிர்: சேற்றில் அது இன்னும் கிடைக்காமல் போகும். நட்ட சில வாரத்தில் நெல் இலையில் துருப் புள்ளிகள் விழுந்து பயிர் கட்டையாக நிற்கிற நோயை முதலில் கிருமி என்றே நினைத்தார்கள். வடக்கே பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்த நேனே என்ற விஞ்ஞானிதான் 1966-ல் அது துத்தநாகக் குறைவு என்று காட்டினார். கிருமி என்று நினைத்து மருந்தடித்தவர்களின் காசை நினைத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் கடைசி உழவில் துத்தநாக சல்பேட்டைத் தூவாமல் நாற்று நடுவதில்லை.

சரி, சாம்பல்சத்துக்கு வருகிறேன். எனக்கு மனசு வலிக்கிற இடம் இது.

எங்கள் சீமையில் சோளத்தைத் தானியத்துக்காக மட்டும் யாரும் விதைப்பதில்லை. தட்டுக்காக, அதாவது கதிர் எடுத்த பிறகு நிற்கும் தண்டுக்காகத்தான் விதைக்கிறார்கள். மாட்டுக்குச் சோளத்தட்டு இல்லையென்றால் பண்ணையம் இல்லை. இப்போது மாடு குறைந்துபோய், தட்டை விற்கிறார்கள். மக்காச்சோளத் தட்டையும் அறுத்து வண்டியேற்றி அனுப்புகிறார்கள். நல்ல விலை வருகிறது, தப்பில்லை. ஆனால் கூடவே என்ன போகிறது என்று பாருங்கள். தானியப் பயிர் மண்ணிலிருந்து எடுக்கிற தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பெரும்பங்கு மணிக்குப் போகும். சாம்பல்சத்து மட்டும் பெரும்பகுதி தட்டிலேயே தங்கிவிடும். காய்ந்த தட்டு ஒரு டன்னில் ஏறக்குறைய 15 கிலோ சாம்பல்சத்து இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் தட்டு விற்றால் 30 கிலோ, அதாவது ஒரு முழு மூட்டை பொட்டாஷ், நம் காட்டை விட்டுப் போய்விடுகிறது. கரிசல் காட்டில் இயற்கையிலேயே சாம்பல்சத்து தாராளமாக இருப்பதால் பல வருசம் தாங்கும். மேட்டுச் செவக்காடு அப்படித் தாங்காது.

அது குறைந்த காட்டில் பயிர் முழங்கால் உயரம் வரை நன்றாகத்தான் இருக்கும். ஆண் பூ வந்த பிறகு அடி இலை ஓரம் கருகும். தண்டில் வலு இருக்காது. ஒரு காற்றடித்தால் படுத்துக்கொள்ளும். கதிரின் நுனியில் மணி கட்டாமல் சப்பையாக நிற்கும். இலையின் துளைகளைத் திறந்து மூடி வியர்வையைக் கட்டுப்படுத்துவதும் சாம்பல்சத்தின் வேலை என்பதால், மழை ஒரு வாரம் தள்ளினால் அந்தக் காடுதான் முதலில் சுருளும். மானாவாரிக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு!

முன்பு தட்டு மாட்டுக்குப் போனது, மாட்டிடமிருந்து எருவாகக் காட்டுக்கே திரும்பியது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தட்டோடு மாட்டுக்குள் போன சாம்பல்சத்தில் பெரும்பங்கு சாணத்தில் வருவதில்லை, மூத்திரத்தில் வருகிறது. எங்கள் அப்பாரு காலத்தில் கட்டுத்தாரையில் மாடு தின்று மீந்த கூளத்தையும் செம்மண்ணையும் பரப்பி வைப்பார்கள். மூத்திரம் அதில் ஊறும், வாரத்துக்கு ஒருமுறை அள்ளிக் குப்பைக்குழியில் போடுவார்கள். இன்றைக்குச் சிமெண்ட் தளம் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி வெளியே விட்டுவிடுகிறோம். சுத்தமாக இருக்கிறது, ஆனால் பொட்டாஷ் மூட்டை சாக்கடையில் போகிறது. தளத்தை இடிக்க வேண்டியதில்லை. சரிவின் கடைசியில் ஒரு தொட்டி கட்டி, அந்த நீரை எருக்குழிக்கு விட்டால் போதும்.

ஆட்டுப்பட்டி போடுவதும் இதற்காகத்தான் நல்லது. ராத்திரி முழுக்க ஆடு படுத்த இடத்தில் புழுக்கையோடு மூத்திரமும் மண்ணிலேயே இறங்கிவிடுகிறது, கைபடாமல், வீணாகாமல். கோடையில் பட்டிக்காரர் கிடைத்தால் விடாதீர்கள்.

யூரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தேவையான இடத்தில்கூடப் பாதி வீணாகிறது. சுண்ணாம்பு மண்ணில், ஈரமான மேற்பரப்பில் யூரியாவைத் தூவிவிட்டு வந்தால் அது அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றில் போய்விடும். தூவிய மறுநாள் காட்டுக்குள் மூக்கைக் கூசுகிற வாடை வருகிறது என்றால் உங்கள் பணம் மேலே போய்க்கொண்டிருக்கிறது. செடிக்குப் பக்கத்தில் போட்டு மண் அணைத்து, உடனே தண்ணீர் கட்டினால் நிற்கும். ஒரேயடியாகவும் வேண்டாம். அடியுரமாகக் கால் பங்கு, 25-ம் நாள் பாதி, 45-ம் நாள் மீதிக் கால். மக்காச்சோளம் தழைச்சத்தை அள்ளி எடுப்பது முழங்கால் உயரத்திலிருந்து பூவெடுக்கும் வரைதான். விதைத்த அன்றே கொட்டினால் சின்னச் செடி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

மணிச்சத்து இதற்கு நேர்மாறானது. அது மண்ணில் நகராது. வேரின் நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதுதான் செடிக்குக் கிடைக்கும். அதனால் மேலே தூவாமல், விதைக்குப் பக்கவாட்டில், சற்று ஆழத்தில் விழ வேண்டும், அதுவும் விதைக்கும்போதே. பயிர் வளர்ந்த பிறகு மேலுரமாக டிஏபி கேட்டு வருகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். மானாவாரிக்கு இன்னும் நல்ல வழி, ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழுஎருவோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து ஒரு மாதம் நிழலில் மூடி வைத்துப் போடுவது. ஊட்டமேற்றிய தொழுஎரு என்பார்கள். எருவுக்குள் இருக்கும் மணிச்சத்தைச் சுண்ணாம்பு அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்ள முடியாது.

டிஏபியை விட எனக்குச் சூப்பர் பாஸ்பேட்டின் மேல் பிரியம் அதிகம். அதில் 16 சதவீதம் மணிச்சத்தோடு 11 சதவீதம் கந்தகமும் இருக்கிறது. முன்பு எல்லோரும் சூப்பரும் அமோனியம் சல்பேட்டும் போட்டபோது கந்தகம் கேட்காமலேயே மண்ணுக்கு வந்தது. டிஏபிக்கும் யூரியாவுக்கும் மாறிய பிறகு அது நின்றுபோனது. இப்போது குருத்து முழுதும் ஒரே சீராக, நரம்பும் சேர்ந்து, வெளிர்மஞ்சளாக வரும் இலைகளைப் பார்க்கிறேன்; அது கந்தகக் குறைவு. தடை என்னவென்றால், 30 கிலோ மணிச்சத்துக்கு டிஏபி ஒன்றேகால் மூட்டை போதும், சூப்பர் என்றால் நான்கு மூட்டை. சுமக்க ஆள் வேண்டும். அந்தச் சங்கடம் எனக்கும் புரிகிறது. ஒரு போகம் விட்டு ஒரு போகமாவது சூப்பர் போடுங்கள் என்கிறேன்.

கோவை வேளாண் கல்லூரியில் படிக்கும்போது நிரந்தர உரச் சோதனை வயலுக்கு எங்களை அழைத்துப் போவார்கள். 1909-ல் தொடங்கியது ஒன்று, 1925-ல் தொடங்கியது இன்னொன்று. ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்றும், ஒன்றுக்குத் தொழுஎரு, ஒன்றுக்கு எதுவுமே இல்லை. ஒரே மண், ஒரே வானம். மாறுவது மண்ணுக்குக் கொடுத்தது மட்டும். எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல் என்ற விஞ்ஞானி 1828-லேயே எழுதிவிட்டார், லீபிக் அதைப் பின்னால் உலகமறியச் செய்தார். பேர் என்னவோ லீபிக்குக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த வரப்பில் நின்று பாத்தி பாத்தியாகப் பார்த்தபோதுதான் அந்த விதி எனக்குள் இறங்கியது. இல்லாத சத்தை விட்டுவிட்டு இருக்கிற சத்தை எவ்வளவு கூட்டினாலும் செடி அசையாது.

அப்படியானால் எது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இலை சொல்லும்போது கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே மண் சொல்லும். மண் ஆய்வுக்கு மாதிரி எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை போட்ட இடம், வாய்க்கால் ஓரம் எதுவும் வேண்டாம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் இரண்டு பக்கமும் சாய்த்து வெட்டி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டுக் குழியின் சரிவில் மேலிருந்து கீழாக ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டுங்கள். அதுதான் மாதிரி. இப்படிக் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ ஆகும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்திப் புதுத் துணிப்பையில் கட்டுங்கள். பழைய உரச்சாக்கில் கொண்டுபோனால் சாக்கில் ஒட்டியிருந்த உரத்தைத்தான் ஆய்வு செய்வார்கள். செவக்காடும் கரிசலும் ஒரே தோட்டத்தில் இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள், தனித்தனிப் பை. துத்தநாகம், இரும்பும் பார்க்க வேண்டும் என்றால் துருப்பிடித்த வாளி, தகரச் சட்டி பக்கமே போக வேண்டாம்.

முடிவு வந்ததும் எல்லா எண்ணையும் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழே, மணிச்சத்து 11 கிலோவுக்குக் கீழே, சாம்பல்சத்து 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மணிச்சத்து 22-க்கும் சாம்பல்சத்து 280-க்கும் மேலே இருந்தால் அதிகம். மண்ணில் மக்கு எவ்வளவு என்று காட்டும் கரிம கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேறு எதற்கும் முன்னால் எருவைப் பற்றி யோசியுங்கள். பி.எச். எண்ணை மட்டும் மறக்காமல் பாருங்கள். எங்கள் பக்கம் மற்ற எண்கள் சொல்வது எந்த அளவுக்குச் செடிக்குக் கிடைக்கும் என்பதை அதுதான் சொல்கிறது.

சித்திரை, வைகாசியில் காடு காலியாகக் கிடக்கும்போது எடுத்துக் கொடுத்தால் ஆடிக்குள் முடிவு கைக்கு வந்துவிடும், அடியுரம் வாங்க நேரம் இருக்கும். புரட்டாசியில் கொண்டுவந்து அவசரப்படுத்தினால் முடிவு வருவதற்குள் விதைப்பு முடிந்துவிடும். மாதிரியை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலேயே கொடுக்கலாம். பையில் பெயர், சர்வே எண், முன்பு என்ன பயிர், அடுத்து என்ன பயிர், மானாவாரியா பாசனமா என்று எழுதி வையுங்கள். முடிவு வந்ததும் அந்தத் தாளோடு கடைக்கு வாருங்கள், எந்தக் கடையானாலும் சரி. தாளைப் பார்த்து மூட்டை எழுதச் சொல்லுங்கள்.